வரிசையறி ஓட்டத்தில் கார வாசிப்பு தரம் குறையும்போது: அறிகுறி கொண்டு பிழை காணும் வழிமுறை

டிஎன்ஏ வரிசையறியும் கருவியின் ஓட்டம் முடிந்து, கியூ30 விழுக்காடு (ஆயிரத்தில் ஒரு பிழைக்கு மேல் எதிர்பார்க்கப்படாத காரங்களின், அதாவது ஏ, சி, ஜி, டி என்ற டிஎன்ஏ எழுத்துகளின் பங்கு) எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்திருப்பதைக் கண்டவுடன் பெரும்பாலானோர் செய்வது இரண்டில் ஒன்று. கருவியைப் பழுதுபார்க்க ஆள் அழைக்கிறார்கள். அல்லது ஃபாஸ்ட்கியூ கோப்புகளை (வாசித்த வரிசைகளும் அவற்றின் தர மதிப்புகளும் உள்ளவை) வெட்டிச் சீராக்கிப் பகுப்பாய்வைத் தொடர்கிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். தரம் குறைந்தது என்பது ஒரே நோயின் பெயரன்று. பல நோய்கள் ஒரே காய்ச்சலாக வெளிப்படுவதைப் போன்றது. அந்தக் காய்ச்சல் எந்தச் சுழற்சியில் தொடங்கியது, ஃப்ளோ செல்லின் (வினை நடக்கும் கண்ணாடித் தகட்டின்) எந்தப் பகுதியில் இருக்கிறது, எந்த ரீடில் (ஒரு துண்டை ஒரு முனையிலிருந்து வாசித்த வரிசையில்) இருக்கிறது, எந்த எழுத்தாக வெளிப்படுகிறது என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் தானாகவே பிரிந்து தெரியும்.

இங்கே சொல்லப்படுபவை, ஒவ்வொரு சுழற்சியிலும் ஒளிரும் நியூக்ளியோடைடு ஒன்றைச் சேர்த்துப் படமெடுக்கும் முறைக்கு, அதாவது இல்லுமினா வகைக் கருவிகளுக்கு உரியவை. தர மதிப்பு என்பது பிழை நிகழ்தகவின் பத்தடி மடக்கையை −10ஆல் பெருக்கி வரும் எண். கியூ20 என்றால் 100 காரங்களில் 1 பிழை, கியூ30 என்றால் 1000இல் 1, கியூ40 என்றால் 10,000இல் 1 என்று எதிர்பார்க்கலாம். ஒரு கொத்திலிருந்து (ஒரே டிஎன்ஏ துண்டின் படிகள் கூடிய புள்ளியிலிருந்து) ஒரு சுழற்சியில் வந்த ஒளி எவ்வளவு ஐயமின்றி ஒரே காரத்தைச் சுட்டியது என்பதை மட்டுமே இந்த எண் அளவிடுகிறது. கொத்து உருவாவதற்கு முன்பே மூலக்கூறில் புகுந்துவிட்ட பிழையை அது அறியாது. இந்த எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டால் பிற்பாடு ஒரு குழப்பம் தவிர்க்கப்படும்.

எதையும் மாற்றுவதற்கு முன்

முதலில் ஃபாஸ்ட்கியூ கோப்பை மூடிவிட்டு, ஓட்டத்தின் அளவீடுகளை எஸ்ஏவி மென்பொருளில் திறந்து பார்க்க வேண்டும். ஃபாஸ்ட்கியூவில் எஞ்சியிருப்பது வடிகட்டியைக் கடந்துவந்த ரீடுகள் மட்டுமே; கடந்துவராதவை எவ்வளவு, ஏன் என்பது அதில் தெரியாது. வடிகட்டியின் விதி எளிது: ஒரு கொத்தின் மிகப் பிரகாசமான ஒளிச்செறிவை, அதனுடன் இரண்டாவது பிரகாசமான செறிவையும் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும்; முதல் 25 சுழற்சிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட சுழற்சிகளில் இந்த விகிதம் 0.6க்குக் கீழே போனால் அந்தக் கொத்து நீக்கப்படும்.

அடுத்து, மாதிரிகளுடன் சிறிதளவு கலந்து ஓட்டும் ஃபைஎக்ஸ் என்ற கட்டுப்பாட்டைக் கேட்க வேண்டும். ஃபைஎக்ஸ்174 என்பது 5386 காரங்கள் மட்டுமே கொண்ட வைரஸ் மரபணுத்தொகுதி. 1977இல் முழுமையாக வரிசையறியப்பட்டது. அதன் வரிசை முழுவதும் தெரிந்திருப்பதால், ஓட்டத்தில் அது தவறாக வாசிக்கப்படும் விகிதத்தைக் கருவியே கணக்கிட்டுத் தருகிறது. ஃபைஎக்ஸின் பிழை விகிதம் இயல்பாக இருந்து உங்கள் மாதிரிகள் மட்டும் மோசமாக இருந்தால், கருவியையும் வினைப்பொருளையும் விட்டுவிட்டு லைப்ரரியை, அதாவது வரிசையறியத் தயாரித்த டிஎன்ஏ துண்டுகளின் தொகுப்பைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் கருவியின் மீது ஐயப்படலாம். ஆனால் உடனே தீர்ப்பெழுதிவிடக் கூடாது. கொத்துகள் நெருக்கியடித்து நின்றாலும், லைப்ரரியில் காரப் பன்மை (ஒவ்வொரு சுழற்சியிலும் நான்கு காரங்களும் கலந்து வருவது) குறைந்திருந்தாலும், அதே பரப்பில் நிற்கும் ஃபைஎக்ஸும் சேர்ந்தே பாதிக்கப்படும். ஃபைஎக்ஸ் சேர்க்காமல் ஓட்டியவர்களுக்கு இந்தச் சான்று கிடைக்காது. 1 விழுக்காடு இடத்தை மிச்சப்படுத்தியதற்குக் கொடுக்கும் விலை அது. என் கருத்தில் எந்த ஓட்டத்திலும் அந்த 1 விழுக்காட்டைக் கைவிடுவது சிக்கனமாகாது.

மூன்றாவதாக, ஏமாற்றும் தோற்றங்கள் சிலவற்றை ஒதுக்கிவிட வேண்டும். நோவாசீக் 6000 போன்ற கருவிகள் தர மதிப்பை 2, 12, 23, 37 என்று நான்கே படிகளாகச் சுருக்கி எழுதுகின்றன. ஆகவே வரைபடம் படிக்கட்டு போலத் தோன்றுவது இயல்பே. சமவாய்ப்பு அறுகாரத் தொடக்கிகளை (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும், ஆறு காரங்கள் எந்த வரிசையிலும் அமைந்த சிறு இழைகளை) கொண்டு தயாரித்த ஆர்என்ஏ லைப்ரரிகளில் முதல் பத்துப் பன்னிரண்டு காரங்களின் விகிதம் கோணலாக இருக்கும். ஃபாஸ்ட்கியூசி என்ற தரச் சோதனை மென்பொருள் அதற்குச் சிவப்புக் குறியிடும். அது தொடக்கிகள் ஒட்டும் விருப்பத்தால் வருவது. அங்கே கார வாசிப்பில் பிழையில்லை. அந்தப் பகுதியை வெட்டியெறிவதால் நன்மையும் இல்லை.

அறிகுறி: தொடக்கம் நன்று, பின்பகுதியில் தரம் சரிந்துகொண்டே போகிறது

ஓரளவு சரிவு எல்லா ஓட்டத்திலும் உண்டு. மைசீக் கருவியின் மூன்றாம் பதிப்பு வினைப்பொருளுக்கான உற்பத்தியாளர் வரையறையே, 300 சுழற்சிகள் வீதம் இருபுறமும் வாசிக்கும்போது 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட காரங்கள் கியூ30ஐ எட்டும் என்பதுதான். இரண்டாம் பதிப்பில் 250 சுழற்சிகளுக்கு இது 75 விழுக்காடு. ஆகவே கேள்வி, சரிகிறதா என்பதன்று. வழக்கத்தைவிட விரைவாகச் சரிகிறதா என்பதே. அதே கருவியில் அதே நீளத்தில் நன்றாக முடிந்த பழைய ஓட்டம் ஒன்றின் வரைபடத்தை அருகில் வைத்து ஒப்பிடுங்கள்.

விரைவான சரிவின் முதன்மைக் காரணம் இழைகளின் ஒத்திசைவு குலைவது. ஒரு கொத்தில் ஒரே வரிசையின் பல நூறு படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு சுழற்சியிலும் எல்லா இழைகளும் ஒரு காரம் மட்டுமே முன்னேற வேண்டும். ஒரு சுழற்சியில் ஒன்றுக்கு மேல் சேராதபடி நியூக்ளியோடைடில் வைத்த தடுப்புத் தொகுதி முழுமையாக நீங்காத இழை ஒரு காரம் பின்தங்கும்; தடுப்பில்லாத நியூக்ளியோடைடைப் பெற்ற இழை ஒரு காரம் முந்தும். கருவி அறிக்கையில் இவை ஃபேசிங், ப்ரீஃபேசிங் என்ற பெயர்களில் விழுக்காடாகக் காட்டப்படுகின்றன. எண்கள் சிறியவையாகத் தோன்றுவதால் பலர் கடந்துபோய்விடுகிறார்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: சுழற்சிக்கு 0.2 விழுக்காடு இழைகள் பின்தங்கினால், 150ஆவது சுழற்சியில் ஏறத்தாழ 74 விழுக்காடு இழைகள் இன்னும் வரிசை கலையாமல் இருக்கும். அதுவே 0.5 விழுக்காடானால் 47 விழுக்காடே எஞ்சும். பாதிக்கு மேற்பட்ட இழைகள் வேறொரு காரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். மென்பொருள் இதை ஓரளவு திருத்துகிறது என்றாலும், இவ்வளவு பெரிய கலப்பைத் திருத்தும்போது இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

பின்தங்கல் கூடியிருந்தால் வினைப்பொருளிலிருந்து தேடத் தொடங்குங்கள். கார்ட்ரிட்ஜ் (வினைப்பொருள் பெட்டி) முழுமையாக உருகாமல் ஏற்றப்பட்டதா, உருகியபின் தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கப்பட்டதா, காலாவதி நாள் கடந்ததா, உருக்கி மீண்டும் உறையவைத்ததா என்று பதிவேட்டைப் பாருங்கள். நடுவில் பனிக்கட்டி எஞ்சியிருந்தால் செறிவு முதல் சுழற்சிகளில் ஒன்றாகவும் பின்னர் வேறாகவும் இருக்கும். இவை சரியென்றால் ஃப்ளோ செல்லின் வெப்பநிலைப் பதிவையும், திரவக் குழாய்களில் அடைப்போ கசிவோ உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். முந்துதல் மட்டும் கூடியிருந்தால், ஒவ்வொரு சுழற்சிக்குப் பின்னும் நடக்கும் கழுவல் போதவில்லை என்ற திசையில் தேடுவது பயன் தரும். கழுவும் கரைசல் தீர்ந்துபோனதும், ஓட்டத்துக்குப் பிந்தைய பராமரிப்புக் கழுவலைத் தவிர்த்ததும் இங்கே அடிக்கடி காணப்படும் காரணங்கள்.

ஒத்திசைவு எண்கள் நன்றாக இருந்தும் சரிவு விரைவாக இருக்கிறதென்றால் ஒளிச்செறிவு வரைபடத்துக்குச் செல்லுங்கள். லேசர் ஒளியும் வேதிவினைகளும் இழைகளைச் சிறிது சிறிதாகச் சிதைப்பதால் செறிவு மெல்லக் குறைவது இயல்பு. தொடக்கத்திலேயே செறிவு குறைவாக இருந்தால், லைப்ரரியின் துண்டுகள் மிக நீளமானவையா என்று பாருங்கள். நீண்ட துண்டு பாலம் அமைத்துப் பெருகும்போது கொத்து பரந்து மங்கலாகிறது. அதன் படிகளும் குறைவு. சராசரி நீளம் சரியாகத் தோன்றினாலும் பரவல் அகலமாக இருந்தால் இதே விளைவு வரும்.

அறிகுறி: முதல் சுழற்சியிலிருந்தே தரம் குறைவு, வடிகட்டியைக் கடப்பவையும் குறைவு

கொத்துகள் ஒழுங்கின்றி அமையும், சீரற்ற பரப்புள்ள பழைய வகை ஃப்ளோ செல்களில் இது பெரும்பாலும் மிகை ஏற்றத்தின் முகம். மைசீக்கில் பரிந்துரைக்கப்படும் கொத்து அடர்த்தி, இரண்டாம் பதிப்பு வினைப்பொருளுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 10 முதல் 12 லட்சம், மூன்றாம் பதிப்புக்கு 12 முதல் 14 லட்சம். இதைக் கடந்தால் அண்டைக் கொத்துகளின் ஒளி ஒன்றன்மேல் ஒன்று விழும், விகிதம் 0.6க்குக் கீழே போகும். வடிகட்டி கொத்துகளைக் கும்பலாக நீக்கும். இதில் ஒரு பொறி உண்டு. நெருக்கம் மிகவும் கூடிவிட்டால், மென்பொருள் தனித்தனிக் கொத்துகளையே பிரித்தறிய முடியாமல் அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். எண்ணை மட்டும் நம்பியவர் குறைவாக ஏற்றிவிட்டோம் என்று எண்ணி அடுத்த முறை இன்னும் கூட்டுவார். ஐயம் வந்தால் சிறுபடங்களைத் திறந்து கண்ணால் பாருங்கள்: இருண்ட வானில் தனித்தனி விண்மீன்களாக இருக்கிறதா, பால்வெளியாக இருக்கிறதா என்பது நொடியில் தெரியும்.

குழிகள் முன்கூட்டியே வரிசையாக அமைக்கப்பட்ட ஃப்ளோ செல்களில் அடர்த்தி எப்போதும் ஒன்றே. அங்கே அந்த எண்ணால் பயனில்லை. நிரம்பிய குழிகளின் விழுக்காட்டையும் வடிகட்டியைக் கடந்த விழுக்காட்டையும் டைல் (தனித்தனியாகப் படமெடுக்கப்படும் சிறு பகுதி) வாரியாகப் புள்ளிகளாக இட்டுப் பாருங்கள். நிரப்பு கூடக்கூடக் கடப்பதும் கூடினால் ஏற்றம் குறைவு. நிரப்பு மிகுந்திருந்தும் கடப்பது குறைந்துகொண்டே போனால், ஒரே குழியில் ஒன்றுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் குடியேறியிருக்கின்றன, ஏற்றம் மிகுதி.

ஏற்றப் பிழை ஏறக்குறைய எப்போதும் அளவீட்டுப் பிழையிலிருந்தே பிறக்கிறது. நானோமோலார் அளவு காண, மைக்ரோலிட்டருக்கு எத்தனை நானோகிராம் என்பதைப் பத்து லட்சத்தால் பெருக்கி, 660ஐச் சராசரித் துண்டு நீளத்தால் பெருக்கிய தொகையால் வகுக்கிறோம். மைக்ரோலிட்டருக்கு 2 நானோகிராம் உள்ள லைப்ரரியின் சராசரி நீளம் 400 இணைகள் என்றால் 7.6 நானோமோலார், உண்மையில் அது 300 இணைகளாக இருந்தால் 10.1 நானோமோலார். நீளத்தைத் தோராயமாக ஊகித்ததால் மட்டும் மூன்றில் ஒரு பங்கு பிழை. ஒளிர்சாய அளவீடு இரட்டை இழை அனைத்தையும் எண்ணும். இருமுனையிலும் அடாப்டர் (ஃப்ளோ செல்லில் ஒட்டுவதற்கான இணைப்பு வரிசை) இல்லாத, கொத்தாக மாறவே முடியாத துண்டுகளையும் சேர்த்து எண்ணும். அடாப்டர் தொடக்கிகளைக் கொண்டு செய்யும் அளவறி பிசிஆர், பெருகக்கூடியவற்றை மட்டும் எண்ணும். இவ்விரண்டு எண்களும் பெரிதும் வேறுபட்டால் அந்த வேறுபாடே ஒரு செய்தி: அடாப்டர் இணைப்பு படியில் ஏதோ தவறியிருக்கிறது.

இனி நேர்மாறான நிலை: தரம் பரவாயில்லை, கொத்துகளே மிகக் குறைவு. இங்கே இழைபிரிப்பை ஐயப்பட வேண்டும். மைசீக்கின் வழக்கமான செய்முறையில் 4 நானோமோலார் லைப்ரரியில் 5 மைக்ரோலிட்டர் எடுத்து, 0.2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 5 மைக்ரோலிட்டருடன் கலந்து, ஐந்து நிமிடம் வைத்து, குளிர்ந்த கலப்புத் தாங்கல் கரைசல் 990 மைக்ரோலிட்டர் சேர்க்கிறோம். 20 பிகோமோலார் லைப்ரரியும் 1 மில்லிமோலார் ஹைட்ராக்சைடும் கிடைக்கும். ஹைட்ராக்சைடு அதற்கு மேல் போனால் இழைகள் ஃப்ளோ செல்லில் ஒட்டுவது தடைப்படும். ஹைட்ராக்சைடு பழையதாக இருந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி வலுவிழந்து, இழைகள் பிரியாமலே போகும். அன்றன்று நீர்த்துச் செய்வதே பாதுகாப்பு. பலமுறை திறந்து மூடிய குப்பியில் மிச்சமிருப்பதைப் பயன்படுத்துவது, ஒரு முழு ஓட்டத்தைச் சில சொட்டுகளுக்காகப் பணயம் வைப்பதாகும்.

அறிகுறி: நல்ல வரிசைக்குப் பிறகு ஜி எழுத்துகளின் நீண்ட தொடர்

நெக்ஸ்ட்சீக் 500, நோவாசீக் 6000 போன்ற இரு நிறக் கருவிகளில் அடினைன் இரு நிறத்திலும் ஒளிரும். சைட்டோசின் சிவப்பில், தைமின் பச்சையில் ஒளிரும். குவானைனுக்கு ஒளியே இல்லை. ஆகவே ஒளியின்மை என்பதை மென்பொருள் குவானைன் என்று வாசிக்கிறது. வாசிக்க எதுவும் இல்லாத இடமும், ஒளி வராமற்போன இடமும் ஜி என்றே எழுதப்படும். சில வேளைகளில் உயர்ந்த தர மதிப்புடனும் எழுதப்படும் என்பதுதான் தொல்லை. தர அடிப்படையிலான வெட்டல் இவற்றைத் தொடாமல் விட்டுவிடும்.

ஜி தொடருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதைக் கொண்டு காரணத்தைப் பிரிக்கலாம். அடாப்டர் வரிசை இருந்தால், ட்ரூசீக் வகையில் அது ஏஜிஏடிசிஜிஜிஏஏஜிஏஜிசி என்று தொடங்கும், துண்டு சிறியது. வாசிப்பு துண்டைக் கடந்து, அடாப்டரையும் கடந்து, வெறுமையில் போய் நிற்கிறது. ரீடின் முதல் காரமே அடாப்டராக இருந்தால் அது துண்டே இல்லாத அடாப்டர் இருமம். மின்னாற்பகுப்பு வரைபடத்தில் ஏறத்தாழ 120 முதல் 150 இணைகள் பகுதியில் தெரியும் கூர்முகடு அதுவே. முகடு சிறியதாகத் தெரிகிறதே என்று தேற்றிக்கொள்ளக் கூடாது. சிறிய துண்டுகள் மிக எளிதாகக் கொத்தாகும். எடையில் சிறுபங்கு இருப்பவை ரீடுகளில் பெரும்பங்கைத் தின்றுவிடும். சீரற்ற பரப்புள்ள ஃப்ளோ செல்களில் 5 விழுக்காடு வரை பொறுத்துக்கொள்ளலாம். குழிகள் கொண்டவற்றில் 0.5 விழுக்காட்டைக் கடக்கக் கூடாது என்பது உற்பத்தியாளரின் அறிவுரை. காந்த மணிகளைக் கொண்டு 0.8 முதல் 0.9 மடங்கு விகிதத்தில் மீண்டும் ஒருமுறை தூய்மையாக்கி, முகடு மறைந்ததை வரைபடத்தில் உறுதிசெய்த பிறகே ஏற்றுங்கள்.

முன்னால் அடாப்டர் எதுவும் இல்லாமல் உண்மையான வரிசை நடுவிலேயே ஜியாக மாறினால், அந்தக் கொத்தின் ஒளி அடங்கிவிட்டது என்று பொருள். கோப்பிலுள்ளதைச் சீராக்க, ஃபாஸ்ட்பி மென்பொருள் இவ்வகைக் கருவிகளின் கோப்புகளில் ஜி வால்களைத் தானாகவே நீக்குகிறது. கட்அடாப்டில் இதற்கெனத் தனித் தெரிவு உண்டு. நான்கு நிறக் கருவிகளில் இந்த அறிகுறி இவ்வாறு தோன்றாது.

அறிகுறி: குறிப்பிட்ட சுழற்சியில் அல்லது குறிப்பிட்ட டைல்களில் திடீர் வீழ்ச்சி

இங்கே ஃபாஸ்ட்கியூசியின் டைல் வாரி வரைபடம் பேசும். சில டைல்களில் சில சுழற்சிகள் மட்டும் கெட்டு, பின்னர் மீண்டும் தெளிந்தால் அது காற்றுக்குமிழி. அதே டைல்கள் முதலிலிருந்து இறுதிவரை கெட்டிருந்தால் கண்ணாடியில் கைரேகை, தூசு, கீறல் அல்லது உலர்ந்த உப்பு. எல்லா டைல்களும் ஒரே சுழற்சியில் விழுந்து எழுந்தால் அந்தச் சுழற்சியில் வினைப்பொருள் சரியாக வந்துசேரவில்லை அல்லது படமெடுப்பில் குவியம் தவறியது. விழுந்தது எழவேயில்லை என்றால் கசிவையும் தீர்ந்துபோன கலனையும் பாருங்கள்.

டைல் எண்ணையே படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. 1101 என்பதில் முதல் இலக்கம் பரப்பைக் குறிக்கும்: 1 மேற்பரப்பு, 2 கீழ்ப்பரப்பு. 2இல் தொடங்கும் டைல்கள் மட்டும் மோசமாக இருந்தால் குவியம் ஒரு பரப்பில் சரியாக அமையவில்லை. ஃப்ளோ செல் சாய்வாக அமர்ந்திருக்கலாம். கெட்ட டைல்கள் சிலவே என்றால், ஃபாஸ்ட்கியூவாக மாற்றும்போது அவற்றைத் தவிர்த்துவிடும் தெரிவைப் பயன்படுத்தி எஞ்சியவற்றைக் காப்பாற்றலாம். ஒரே ஒரு சுழற்சி கெட்டிருந்தால் எதையும் வெட்ட வேண்டாம். அந்தக் காரத்தின் தாழ்ந்த தர மதிப்பே பின்வரும் மென்பொருளுக்குப் போதிய எச்சரிக்கை.

அறிகுறி: ஒரே மரபணுப் பகுதியைப் பெருக்கிய மாதிரிகளில் மட்டும் தரம் குறைவு

பாக்டீரியாவின் 16எஸ் மரபணு போன்றவற்றை ஒரே தொடக்கியால் பெருக்கி வரிசையறியும்போது, எல்லாக் கொத்துகளும் முதல் இருபது சுழற்சிகளில் ஏறக்குறைய ஒரே எழுத்தைக் காட்டும். ஒரு சுழற்சியில் பரப்பு முழுவதும் ஒரே நிறம். அடுத்ததில் முழுவதும் வேறு நிறம். சீரற்ற பரப்புள்ள கருவிகள் கொத்துகளின் இடத்தை முதல் சில சுழற்சிகளின் படங்களிலிருந்தே குறித்துக்கொள்கின்றன. ஒத்திசைவுத் திருத்தமும் தொடக்கச் சுழற்சிகளின் நிறக் கலவையைச் சார்ந்தது. பன்மை இல்லாவிட்டால் இவையெல்லாம் தடுமாறும். லைப்ரரி தூய்மையாக, அளவு சரியாக, கருவி நலமாக இருந்தும் ஓட்டம் கெட்டது என்று வருந்துவோரில் பலர் இந்த வகையினர்.

மருந்து மூன்று. ஃபைஎக்ஸைக் கூட்டுவது முதலாவது: 5 விழுக்காடோ அதற்கு மேலோ, பன்மை மிகக் குறைவானால் இன்னும் கூடுதலாகவோ. ஏற்றத்தைச் சற்றுக் குறைப்பது இரண்டாவது. மூன்றாவது, தொடக்கியின் முன்னால் 0, 1, 2, 3 என்று வெவ்வேறு எண்ணிக்கையில் காரங்களைச் சேர்த்த தொடக்கிகளைக் கலந்து பயன்படுத்துவது. அப்போது ஒரே வரிசையே கொத்துக்குக் கொத்து ஓரிரு படி நகர்ந்து நிற்பதால் ஒவ்வொரு சுழற்சியிலும் எழுத்துகள் கலந்து வரும். தொடர்ந்து இவ்வகை மாதிரிகளையே ஓட்டும் ஆய்வகத்துக்கு மூன்றாவதையே பரிந்துரைப்பேன். ஃபைஎக்ஸுக்குக் கொடுக்கும் இடம் ஒவ்வொரு ஓட்டத்திலும் இழப்பு, தொடக்கிகளை ஒருமுறை வாங்கினால் போதும். பைசல்பைட்டுக்கு உட்பட்ட லைப்ரரிகளில் சைட்டோசின் அரிதாகிவிடுவதால் அங்கும் இதே கவனம் தேவை.

அறிகுறி: முதல் ரீட் நன்று, இரண்டாவது ரீட் மட்டும் மோசம்

சற்றே மோசம் என்றால் கவலை வேண்டாம். இரண்டாவது ரீடுக்கு முன் எதிர் இழையை மீண்டும் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது; அதற்குள் இழைகள் நூற்றுக்கணக்கான சுழற்சிகளைச் சந்தித்துவிட்டன. முதல் சுழற்சியிலிருந்தே முற்றிலும் மோசம் என்றால் இரண்டில் ஒன்று: எதிர் இழை கட்டும் வினை நடக்கவில்லை, அல்லது வாசிப்புத் தொடக்கி பொருந்தவில்லை. நீங்களே வடிவமைத்த தொடக்கியானால் அது எந்தக் குழியில் இடப்பட்டது என்று பாருங்கள். மைசீக் கார்ட்ரிட்ஜில் முதல் ரீட், இன்டெக்ஸ் (எந்த மாதிரி என்று காட்டும் குறுவரிசை), இரண்டாம் ரீட் ஆகியவற்றின் தனித் தொடக்கிகளுக்கு முறையே 18, 19, 20 என்ற குழிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. குழியில் சரியாக இட்டும், கருவிக்குக் கொடுக்கும் மாதிரிகளின் பட்டியலான மாதிரித் தாளில் தனித் தொடக்கி உண்டென்று குறிக்க மறந்தால் கருவி அந்தக் குழியைத் தொடவே தொடாது.

அறிகுறி: ரீடுகள் தரமானவை, ஆனால் எந்த மாதிரிக்கும் சேராதவை மிகுதி

கார வாசிப்பு கெட்டதாக முறையிடப்படும் ஓட்டங்களில் சில, உண்மையில் இந்த வகையைச் சேர்ந்தவை. நானும் ஒருமுறை இரண்டு நாள் ஒளிச்செறிவு வரைபடங்களை ஆராய்ந்துவிட்டுக் கடைசியில் மாதிரித் தாளில் இரண்டாவது இன்டெக்ஸ் தலைகீழ் நிரப்பு வரிசையாக (எதிர் இழையின் வரிசையாக) எழுதப்பட வேண்டியிருந்ததைக் கண்டேன். மைசீக் இந்த இன்டெக்ஸை நேர் வரிசையாக வாசிக்கிறது. நெக்ஸ்ட்சீக் 500 தலைகீழ் நிரப்பாக வாசிக்கிறது. நோவாசீக் 6000இலோ வினைப்பொருளின் பதிப்பைப் பொறுத்து மாறுகிறது: 1.0 நேர் வரிசை, 1.5 தலைகீழ் நிரப்பு. ஆகவே முதலில் அடையாளம் காணாத இன்டெக்ஸ்களின் பட்டியலில் முன்னணியில் நிற்பவற்றை எடுத்து உங்கள் தாளுடன் ஒப்பிடுங்கள். தலைகீழ் நிரப்பாகவோ, ஒரு காரம் நகர்ந்தோ பொருந்தினால் தாளைத் திருத்தி மீண்டும் பிரித்தால் போதும். மறு ஓட்டம் வேண்டாம்.

பட்டியலின் உச்சியில் வெறும் ஜி எழுத்துகளே நின்றால், பங்கைப் பாருங்கள். வழக்கமான ஃபைஎக்ஸில் இன்டெக்ஸ் இல்லாததால் அது இரு நிறக் கருவியில் அப்படித்தான் தோன்றும். நீங்கள் சேர்த்த ஃபைஎக்ஸின் பங்கை ஒத்திருந்தால் நலமே. அதைவிட மிகுதி என்றால் இன்டெக்ஸ் வாசிப்பே ஒளியிழந்திருக்கிறது. சில மாதிரிகளை மட்டும் சேர்த்து ஓட்டும்போது இது எளிதில் நேரும்: ஏதேனும் ஒரு சுழற்சியில் எல்லா இன்டெக்ஸ்களுக்கும் ஜியே அமைந்துவிட்டால் அந்தச் சுழற்சியில் பரப்பு முழுவதும் இருட்டு. ஒவ்வொரு சுழற்சியிலும் ஒளிரும் காரம் ஒன்றாவது இருக்கும்படி இன்டெக்ஸ்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு ஜியுடன் தொடங்குபவற்றைத் தவிர்ப்பது நல்லது. நான்கு நிறக் கருவிகளில் ஏ, சி ஒருபுறமும் ஜி, டி மறுபுறமும் என்று ஒவ்வொரு சுழற்சியிலும் இருபுறத்திலிருந்தும் எழுத்து வர வேண்டும்.

அறிகுறி: தர மதிப்பு உயர்வு, ஆனால் கண்டறிந்த மரபணு வேறுபாடுகள் நம்பத்தகாதவை

முதலில் சொன்ன எல்லை இங்கே உதவுகிறது. ஒலியலையால் துண்டாக்கும்போது குவானைன் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஜி என்பது டியாக வாசிக்கப்படும். ஃபார்மலினில் பதப்படுத்திய திசுக்களில் சைட்டோசின் அமைன் நீங்கி, சி என்பது டியாகத் தோன்றும். கொத்தின் எல்லா இழைகளும் அதே தவறான எழுத்தையே ஏந்தியிருப்பதால் ஒளி ஐயமின்றி வரும். தர மதிப்பு உயரும். வெட்டல் எதுவும் இதைத் தீர்க்காது. மாற்றங்களின் வகையை எண்ணிப் பார்த்து, ஒருபக்கச் சாய்வு தெரிந்தால் மாதிரி தயாரிப்புக்குத் திரும்ப வேண்டும். ஒரே இழைத் திசையில் மட்டும், ஜிஜிசி போன்ற வரிசைக்குப் பின்னால் குவியும் பிழைகள் வேறு வகை. எதிர்த் திசை ரீடுகள் அதே இடத்தில் தெளிவாக இருந்தால் அந்த வேறுபாட்டைத் தள்ளிவிடலாம்.

காப்பாற்றுவதா, மீண்டும் ஓட்டுவதா

பின்பகுதிச் சரிவு, ஜி வால், சில டைல்களின் குறை ஆகியவை பெரும்பாலும் காப்பாற்றத்தக்கவை. ஆனால் வெட்டுவதற்குமுன் அந்தப் பகுப்பாய்வுக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று கணக்கிடுங்கள். 460 இணைகள் உள்ள 16எஸ் பகுதியை இருபுறமும் 300 வீதம் வாசித்தால் நடுவில் 140 காரங்கள் மேற்படியும். தரம் குறைகிறதென்று 260 ஆகவும் 200 ஆகவும் வெட்டினால் மேற்படிதல் சுழியம். தூய்மையான ரீடுகள் இருக்கும், ஒன்றுகூட இணையாது. மரபணுத்தொகுதியுடன் பொருத்தும் பணியிலோ, பொருத்தும் மென்பொருள் முனைகளைத் தானே விலக்கிக்கொள்வதால் கடுமையான வெட்டல் தேவைப்படுவதேயில்லை.

மிகை ஏற்றம், அடாப்டர் இருமம், தொடக்கி பொருந்தாமை ஆகியவற்றில் மறு ஓட்டமே வழி. அப்போது ஒரே நேரத்தில் ஏற்ற அளவு, ஃபைஎக்ஸ் பங்கு, வினைப்பொருள் தொகுதி மூன்றையும் மாற்றிவிடாமல், கண்டறிந்த காரணத்தை மட்டும் திருத்தி ஓட்டுங்கள். கருவிதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தால், உற்பத்தியாளருக்கு எழுதும்போது ஃபாஸ்ட்கியூசி படங்களை அனுப்புவதால் பயன் குறைவு. ஓட்டக் கோப்புறையிலுள்ள இன்டர்ஆப் அடைவு, ரன்இன்ஃபோ, ரன்பாராமீட்டர்ஸ் கோப்புகள், வினைப்பொருள் மற்றும் ஃப்ளோ செல்லின் தொகுதி எண்கள், ஏற்றிய செறிவு, ஃபைஎக்ஸ் பங்கு ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து அனுப்புங்கள். வினைப்பொருளை ஈடுசெய்யும் கோரிக்கை இவற்றைக் கொண்டே முடிவு செய்யப்படும். அதுவரை, கருவி நேரடியாக எழுதிய மூல பிசிஎல் கோப்புகளை அழிக்க வேண்டாம்.